ஸ்பூனுக்கு ஒரு பிடி

லிஃப்ட்காரர் ஒரு திருகை இறுக்கினால் அதோடு விடமாட்டார். இறுகிவிட்டது என்று தெரிந்த பிறகும் இன்னொரு சுற்று வைப்பார். ஏன் என்று கேட்டால், "எதுக்கும் இருக்கட்டும்" என்பார். வாழ்நாளில் பாதியை லிஃப்ட் பழுது பார்த்தே கழித்த மனுஷர். இரண்டு மாடிக்கு நடுவில் யாரோ மாட்டிக்கொண்டு கதவைத் தட்டிக்கொண்டிருக்க, கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியில் ஓடியே பழகியவர். அந்தத் தொழிலில் வேகமும் வேண்டும், அந்தக் கூடுதல் சுற்றும் வேண்டும், குறை சொல்ல முடியாது. ஆனால் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் இரண்டும் அவரை விட்டபாடில்லை. தேநீரில் சர்க்கரை ஒரு ஸ்பூன் கூட விழும். தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஒரு வாளி கூட விழும். செடி அழுகிச் செத்த பிறகும், "போன வாரம் ஊத்தினது பத்தலை போல" என்று சொன்ன ஆள் அவர்.

அவர் மனைவி இதற்கு நேர் எதிர். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் மருந்து நிறுத்துக் கலந்து கொடுக்கும் வேலையில் இருந்தவர். தராசு முள் நடுவில் வந்து நிற்கும்வரை மூச்சுக்கூட விடமாட்டார். "உங்க அப்பாவை என் சீட்ல உட்கார வச்சிருந்தா ஊர்ல பாதிப் பேரை மேல அனுப்பி வச்சிருப்பாரு" என்று மகளிடம் சொல்லி, வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்.

இப்போது அந்தச் சிரிப்பு ஒரு பக்கம்தான் வந்தது. ஒரு காலையில் பல் துலக்கப் போன இடத்தில் பக்கவாதம் வந்து விழுந்துவிட்டார். பேச்சு திரும்பியது, மெதுவாக. கால் திரும்பியது, தடியை ஊன்றிக்கொண்டு. வலது கை மட்டும் திரும்பவில்லை. விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி, எதையோ ஒளித்து வைத்திருப்பதைப் போல மூடிக்கிடந்தன. அந்தக் கைக்குள் ஸ்பூன் நிற்கவில்லை. இடது கையால் சாப்பிடலாம் என்றால் அது நடுங்கி, பாதி வாய்க்குப் போய்ச் சேரும், மீதி மடியில் கொட்டும். அதனால் மூன்று வேளையும் லிஃப்ட்காரர்தான் ஊட்டினார்.

எப்படி ஊட்டினார் என்பதைத்தான் சொல்ல வேண்டும். ஒரு வாய் உள்ளே போவதற்குள் அடுத்த ஸ்பூன் உதட்டருகே வந்து நிற்கும். அந்த அம்மாள் மெல்லும்போதே தட்டைச் சுரண்டும் சத்தம் கேட்கும். பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்குவதே ஒரு வேலை. ஒரு மதியம், பார்க்க வந்திருந்த மகளின் கண்ணெதிரே புரையேறி, முகம் நீலம் பாரித்து, கண் பிதுங்கிவிட்டது. மகள் முதுகில் தட்டித் தட்டி மூச்சைக் கொண்டுவந்தாள். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து அப்பாவின் முன்னால் நின்றாள்.

"அப்பா, லிஃப்டுக்குள்ள யாரும் மாட்டிக்கிட்டு இல்ல. எதுக்கு இவ்வளவு அவசரம்?"

"ஆறிடுமேன்னு பார்த்தேன்ம்மா."

"ஆறினா ஆறட்டும். நான் அம்மாவை என்னோட கூட்டிட்டுப் போறேன்."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மனைவியும் கட்டிலில் இருந்தபடியே, "நான் எங்கயும் வரலை. இது என் வீடு" என்று சொல்லிவிட்டார். தன் வீட்டை விட்டுப் போக அந்த அம்மாளுக்கும் மனமில்லை. மகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் பிடிவாதக்காரி இல்லை, பயந்துபோயிருந்தாள், அவ்வளவுதான்.

"சரி. அடுத்த மாசம் வருவேன். அம்மா தன் கையால ஒரு வேளை சாப்பிட்டுக் காட்டட்டும். நான் வாயே திறக்கமாட்டேன். இல்லன்னா கூட்டிட்டுப் போயிடுவேன், அப்புறம் ரெண்டு பேரும் அழக்கூடாது."

அவள் போகுமுன்பே ஒரு ஏற்பாடும் செய்துவிட்டுப் போனாள். பிசியோதெரபி செய்யும் பெண் ஒருத்தி வந்தாள். மஞ்சள் நிறத்தில் ஒரு மெத்தென்ற பந்தை மூடிய கைக்குள் மெல்ல நுழைத்துக் காட்டினாள். "ஒவ்வொரு விரலா, மெதுவா நீட்டணும் சார். நீட்டிப் பிடிச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்கணும். காலையில ஒரு தடவை, சாயந்தரம் ஒரு தடவை. அவசரப்பட்டா தசை இன்னும் இறுகிடும். கூட உட்காருறதுதான் மருந்து" என்றாள்.

லிஃப்ட்காரர் தலையாட்டினார். தலையாட்டும்போதே மனசு வேறு எங்கோ போய்விட்டது. சும்மா உட்கார்ந்திருப்பது ஒரு வேலையா? பழுது என்றால் ஒரு சாமானைக் கழற்ற வேண்டும், இன்னொரு சாமானை மாட்ட வேண்டும். கை ஸ்பூனைப் பிடிக்கவில்லையா, கை பிடிக்கிற மாதிரி ஸ்பூனுக்கு ஒரு பிடி செய்துவிட்டால் போச்சு! இதற்குப் போய் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருப்பார்களா?

கடையில் விற்கும் தடித்த பிடியுள்ள ஸ்பூன் ஒன்றை மகள் வாங்கி வைத்திருந்தாள். அது அந்தக் கைக்குள் சுழன்றது. அந்தக் கைக்கென்றே ஒன்று வார்க்க வேண்டும். போனில் வீடியோ பார்த்தார், கடைக்குப் போனார், பிசைந்து உருவம் செய்கிற களிமண், அச்சு எடுக்கும் சிலிகான் ரப்பர், அச்சில் வார்க்கும் ரெசின் ஒரு பாட்டில், அதைக் கெட்டியாக்கும் ஹார்டனர் ஒரு பாட்டில், உப்புத்தாள் ஒரு கட்டு என்று எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்தார். துணி துவைக்கிற பின்னறை பட்டறை ஆனது.

சும்மா சொல்லக்கூடாது, அச்சு எடுத்த நாள் நல்ல நாள். ஸ்பூன் தண்டைச் சுற்றிக் களிமண்ணை உருட்டி, மனைவியின் மடங்கிய விரல்களைத் தூக்கி உள்ளே வைத்து, மேலே தன் கையைப் பொத்தி அழுத்தினார். களிமண் குளிர்ந்திருந்தது, கை சூடாக இருந்தது. இரண்டு பேரும் அப்படியே சற்று நேரம் இருந்தார்கள்.

"எத்தனை வருஷம் ஆச்சு, இப்படி என் கையைப் பிடிச்சு" என்றார் மனைவி.

"அசையாத, அசையாத. அச்சு கலைஞ்சிடும்."

எடுத்துப் பார்த்தால் நான்கு விரல்களின் பள்ளமும் பெருவிரலின் குழியும் மோதிரத்தின் தழும்புமாக அப்படியே விழுந்திருந்தது. அந்த அச்சைச் சுற்றி ரப்பரை ஊற்றி, இரண்டு பாதியாக வார்ப்பச்சு செய்துகொண்டார். இதுவரைக்கும் ஆள் கில்லாடிதான்.

சிக்கல் ரெசினில்தான் வந்தது. பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போய், கண்ணாடி போடச் சோம்பல்பட்டு மனைவியிடம் நீட்டினார். அவர் பொறுமையாகப் படித்தார்.

"ரெசின் நூறு, ஹார்டனர் ஐம்பது. எடையிலன்னு போட்டிருக்கு."

"ரெண்டுக்கு ஒண்ணு. தெரிஞ்சு போச்சு, குடு."

"எடையிலங்க. கப்புல ஊத்திப் பார்க்கிற அளவு இல்ல. எண்ணெயும் தேனும் ஒரே கப் ஊத்தினா ஒரே எடையா வரும்? அலமாரியில என் தராசு இருக்கு, எடுத்துக்கோங்க."

"ஒரு ஸ்பூன் பிடிக்குத் தராசா? நல்லா இருக்கே கதை!"

கண்ணாலேயே அளந்து ஊற்றினார். ரெசின் இரண்டு கப், ஹார்டனர் ஒரு கப். அப்புறம், எதுக்கும் இருக்கட்டும் என்று, ஹார்டனரில் இன்னும் கொஞ்சம். குச்சியைப் போட்டு முட்டை அடிப்பதைப் போல விளாசினார். கப்பின் ஓரத்தில் ஒட்டியது ஓரத்திலேயே நின்றது, அடியில் கிடந்தது அடியிலேயே கிடந்தது. ஸ்பூன் தண்டை நடுவில் நிறுத்தி அச்சில் ஊற்றினார். மறுநாள் விடிந்ததும் பிரித்தார்.

வெயிலில் கிடந்த பழைய செருப்பைப் போல வளைந்தது. நகத்தை வைத்தால் நகம் பதிந்தது. தொட்டால் விரலில் பிசுபிசுப்பு. இரண்டு அச்சும் சேரும் இடத்தில் ஒரு விளிம்பு எழும்பியிருந்தது. மெலிந்துபோன உள்ளங்கையை அது கீறிவிடும், அதைத் தேய்த்து எடுத்தே ஆக வேண்டும். உப்புத்தாளை வைத்துத் தேய்த்தார். தூள் வரவில்லை. பிசின்தான் இழுபட்டுத் தாளில் அப்பிக்கொண்டது. தாள் வழவழவென்று ஆனது, பிடி அப்படியே இருந்தது.

அவருடைய கணக்கு சுலபமான கணக்கு. கெட்டியாக்குகிற சரக்கு ஹார்டனர். கெட்டியாகவில்லை என்றால் அது பத்தவில்லை. இரண்டாவது தடவை தாராளமாக ஊற்றினார். கப் கையைச் சுடும் அளவுக்குச் சூடேறி, ஒரு காட்டமான நெடி வீடெல்லாம் பரவி, பிளாஸ்டிக் கப் இடுப்பு ஒடிந்து சாய்ந்தது. வார்த்த பிடி மஞ்சளாக வந்தது, மஞ்சளாக வந்தும் வளைந்தது. மூன்றாவது தடவை இன்னும் கூட. மொட்டை மாடியில் வெயிலில் வைத்தார், திருப்பித் திருப்பி வைத்தார், ஒரு மணிக்கொரு தடவை ஏறிப் போய் அமுக்கிப் பார்த்தார். அமுக்கிய இடமெல்லாம் அவருடைய விரல் ரேகைதான் மிச்சம்.

"ஏங்க" என்று முன்னறையில் இருந்து குரல் வரும். "விரல் நீட்டி விடுற நேரம் ஆச்சுங்க."

"தோ வந்துட்டேன்!"

வருவார். ரெசின் நெடியோடு வந்து கட்டிலின் ஓரத்தில் பாதி உட்கார்ந்தும் உட்காராமலும், நான்கு விரலையும் ஒன்றாகப் பிடித்து இரண்டு இழுப்பு இழுப்பார். அந்த அம்மாள் பல்லைக் கடிப்பார். "அவ்வளவுதான், முடிஞ்சுது" என்று எழுந்துவிடுவார். பந்து ஒரு நாள் உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. அதைக் குனிந்து எடுக்க யாருக்கும் நேரமில்லை.

மகள் வரும் நாள் வந்துவிட்டது. லிஃப்ட்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான்காவதாக வார்த்ததுதான் இருந்ததற்குள் தேவலை. வளைந்தது, ஆனால் கொஞ்சம் யோசித்து வளைந்தது. விளிம்பைப் பிளேடால் சீவினார். பிசுபிசுப்பை என்ன செய்வது? குளியலறையில் முகப்பவுடர் டப்பா இருந்தது. பிடி முழுக்கப் பவுடரைத் தூவித் தடவினார். அடடா, என்ன அழகு! பார்த்தால் பாலிஷ் போட்ட பிடி. அவருக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்துவிட்டது.

மனைவியிடம் கொண்டுபோய்க் காட்டினார். அந்த அம்மாள் அதை மூக்கருகே கொண்டுபோனார்.

"பவுடர் வாசனை வருதே."

"சும்மா, வாசனைக்கு."

மருந்து கலந்தே நரைத்த தலை அது. தெரியாமல் இருக்குமா? ஆனாலும் கணவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சரி, போட்டுக் குடுங்க" என்றார். அந்த வீட்டில் இருக்க வேண்டும் என்கிற ஆசை அவரை வாயை மூட வைத்தது.

மகள் மேசையில் எதிரே உட்கார்ந்தாள். சூப் ஆவி பறந்துகொண்டிருந்தது. லிஃப்ட்காரர் மனைவியின் விரல்களைப் பிடியின் பள்ளங்களில் பொருத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முதல் ஸ்பூன் போயிற்று. தோள் நடுங்கியது, ஆனாலும் சிந்தாமல் வாய்க்குள் போயிற்று. மகள் முகம் மலர்ந்துவிட்டது. "அம்மா!" என்றாள். இரண்டாவதும் போயிற்று. லிஃப்ட்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. பெருமையைப் பார்க்க வேண்டுமே!

மூன்றாவது ஸ்பூனுக்குள் கையின் சூடும் சூப்பின் சூடும் பிடிக்குள் இறங்கிவிட்டன. அரைகுறையாக இறுகிய ரெசினுக்குச் சூடு பட்டால் போதும். பாதி வழியில் தண்டு மெதுவாகத் தலை சாய்ந்தது. அந்த அம்மாள் நிமிர்த்தப் பார்த்தார். நிமிர்த்த நிமிர்த்த அது திரும்பிக்கொண்டது. சூடான சூப் அத்தனையும் நெஞ்சிலும் மடியிலும் கொட்டியது. ஒரு சத்தம் வந்தது அவரிடமிருந்து, அழுகை என்றும் சொல்ல முடியாத சத்தம். ஸ்பூனை விடவும் முடியவில்லை. பவுடர் கரைந்து, பிடி உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டது. மகள் மண்டியிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு விரலாகப் பிரித்து அதை எடுத்தாள். உள்ளே தோல் சிவந்து தடித்திருந்தது.

மகள் கத்தியிருந்தால்கூடத் தேவலை. "உங்களைக் குறை சொல்லலப்பா" என்றாள், அவ்வளவு மெதுவாக. "ஆனா அம்மாவை இங்க விட்டுட்டுப் போனா என்னால நிம்மதியா இருக்க முடியாது."

"இன்னும் ஒரே ஒரு தடவை பார்க்கிறேன்ம்மா. அடுத்தது சரியா வந்துடும்."

"விடுங்க" என்றார் மனைவி. சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். "நான் போறேன்."

போய்விட்டார்கள். வீட்டில் சத்தமே இல்லை. காலையில் தேநீர் போட்டுவிட்டு, இரண்டு கோப்பையில் ஊற்றிவிட்டு நின்றார். அதற்கு மேலும் தாங்கவில்லை. ரெசின் விற்ற கடைக்காரனுக்குப் போன் போட்டுப் பிடிபிடியென்று பிடித்தார்.

"என்னய்யா சரக்கு விக்கிறீங்க? எவ்வளவு ஹார்டனர் ஊத்தினாலும் ரப்பர் மாதிரியே இருக்கு!"

"எவ்வளவு ஊத்தினீங்க சார்?"

சொன்னார். மறுமுனையில் கடைக்காரன் தலையில் அடித்துக்கொண்டது போனிலேயே கேட்டது.

"சார், அது சர்க்கரை இல்ல, கூடப் போட்டா இன்னும் இனிக்கிறதுக்கு. ரெசினுக்கு அது ஜோடி. ஜோடி கிடைச்சதெல்லாம் கைகோத்துக் கெட்டியாயிடும். நீங்க கூட ஊத்தினது ஜோடி இல்லாம நடுவுல நின்னுக்கிட்டே இருக்கும். அது என்னைக்கும் காயாது. எடை போட்டுத்தான் கலக்கணும். மெதுவாக் கிளறணும், ஓரத்தையும் அடியையும் வழிச்சு வழிச்சுக் கிளறணும். அப்புறம் வேற கப்புக்கு மாத்தி இன்னொரு தடவை கிளறணும். கதகதப்பான இடத்துல வச்சுட்டு, தொடாம விட்டுடணும். ஒரு வாரம் அந்தப் பக்கமே போகக்கூடாது. எல்லாம் பாட்டில்லயே எழுதியிருக்கே, படிக்கலையா?"

"படிச்சாங்க" என்றார் லிஃப்ட்காரர்.

"அப்புறம் என்ன சார்?"

போனை வைத்துவிட்டார்.

அலமாரியைத் திறந்து தராசை எடுத்தார். துணியில் சுற்றி, எடைக்கற்களைத் தனி டப்பியில் போட்டு வைத்திருந்தார் அந்த அம்மாள். முள் நடுவில் வந்து நிற்கும்வரை இவரும் மூச்சை அடக்கிக்கொண்டு ஊற்றினார். கடைசிச் சொட்டில் கை வழக்கம்போல இன்னும் கொஞ்சம் சாயப் பார்த்தது. இடது கையால் வலது கையைப் பிடித்து நிறுத்தினார். கிளறினார், வழித்தார், கப் மாற்றினார், மறுபடியும் கிளறினார். நூல் மாதிரி மெல்லிசாக அச்சுக்குள் விட்டார். ஒரு அட்டைப்பெட்டியில் வைத்து, பக்கத்தில் பல்பை எரியவிட்டு, பின்னறைக் கதவைச் சாத்தினார். சாத்திவிட்டு, எங்கே தானே திறந்துவிடுவோமோ என்று கதவுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த நாட்களில் எதிரே காலியாகக் கிடந்த கட்டிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடுவில் மனைவி போனில் பேசினார்.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு. நீ?"

"ஆச்சு. கேளுங்க, அந்த மஞ்சப் பந்து கட்டிலுக்கு அடியில கிடக்கும். வரும்போது மறக்காம எடுத்துட்டு வாங்க. இங்க காலுறையைச் சுருட்டிச் சுருட்டிக் கைக்குள்ள வச்சுக்கிட்டு இருக்கோம்."

"சரி சரி. அதைவிடப் பெரிய சாமான் ஒண்ணு கொண்டு வரேன். பாரு, அசந்துடுவ!"

"பந்தை மறந்துடாதீங்க."

"மறக்க மாட்டேன்ங்கிறேன்ல!"

ஒரு வாரம் கழித்து அச்சைப் பிரித்தார். மேசையில் தட்டினார், டொக் என்றது. நகத்தை ஊன்றினார், நகம்தான் வலித்தது. சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டு, உப்புத்தாளை வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். வெள்ளைத் தூள் மாவு மாதிரி உதிர்ந்தது! தாள் சுத்தமாக இருந்தது. விளிம்பு இருந்த இடம் தெரியாமல் போயிற்று. சொரசொரப்பான தாள், நைசான தாள், அப்புறம் தண்ணீர் தொட்டு அதைவிட நைசான தாள். கன்னத்தில் வைத்துப் பார்த்தார், குழந்தையின் கன்னம் மாதிரி இருந்தது. வீட்டில் யாரும் இல்லை. இருந்தாலும், "வந்துடுச்சு பாரு!" என்று சத்தமாகச் சொன்னார்.

அன்றைக்கே பஸ் டிக்கெட் எடுத்துவிட்டார். போவதற்கு ஒன்று, அதே நாள் சாயந்தரம் திரும்புவதற்கு இரண்டு. அவசரக்குடுக்கை அவசரக்குடுக்கைதானே.

மகள் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. உள்ளே மேசையில் மனைவி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். லிஃப்ட்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

மனைவியின் கையில் இருந்தது சாதாரண ஸ்பூன். எந்த வீட்டிலும் இருக்கும், மெல்லிசுத் தண்டுள்ள ஸ்பூன். வலது கை. பெருவிரலும் இரண்டு விரலும் அதைப் பிடித்திருந்தன, மற்ற இரண்டும் பாதி விரிந்திருந்தன. ஸ்பூன் மேலே போக ஒரு யுகம் ஆயிற்று. போகிற வழியில் கொஞ்சம் சிந்தியது. எதிரே மகள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, எதையும் துடைக்காமல், எதையும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தாள். அம்மா மென்று, விழுங்கி, மூச்சு வாங்கிவிட்டு அடுத்த ஸ்பூனுக்குப் போகும்வரை அவள் அப்படியே இருந்தாள்.

"வாங்க" என்றார் மனைவி, அவரைப் பார்த்துவிட்டு. முகம் மலர்ந்தது. சிரிப்பு இப்போது மறுபக்கமும் கொஞ்சம் வந்தது. "உட்காருங்க. பந்து எங்க?"

பந்து. கட்டிலுக்கு அடியில். ஒரே ஒரு சாமான் கேட்டிருந்தார், ஒரே ஒன்று. காலையில் பிடியைத் துணியில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்ததில் அது நினைவுக்கே வரவில்லை.

"மறந்துட்டேன்" என்றார்.

மகள் எழுந்து போய், சுருட்டிய காலுறையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"இதைப் பாரேன்" என்று துணியைப் பிரித்துப் பிடியை எடுத்து நீட்டினார். குரல் அவருக்கே வேறு யாருடைய குரலையோ போலக் கேட்டது. "எடை போட்டுக் கலந்தேன். உன் தராசுதான். நகம் பதியாது. தட்டிப் பாரு."

அந்த அம்மாள் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு அதை வாங்கினார். தட்டிப் பார்த்தார், கட்டைவிரலால் விளிம்பைத் தேடிப் பார்த்தார். "நல்லா வந்திருக்கு" என்றார், மனசாரத்தான் சொன்னார். பிறகு வலது கைக்குள் வைத்துப் பொருத்திப் பார்த்தார். பொருந்தவில்லை. விரல்கள் பள்ளத்தில் உட்காராமல் மேட்டில் நின்றன. இன்னொரு முறை திருப்பி வைத்துப் பார்த்தார். நான்கு பள்ளங்களும் இறுக மூடிய ஒரு கைக்கு உரியவை. அந்தக் கை இப்போது அங்கே இல்லை.

"இது பழைய கைக்குச் செஞ்சதுங்க" என்றார்.

மகள் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் போனாள். லிஃப்ட்காரர் சட்டைப் பையில் இருந்த டிக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"வீட்டுக்கு வர்றியா?" என்று கேட்டார். "சாயந்தரம் பஸ். உனக்கும் சேர்த்து எடுத்துட்டேன். இனிமே அவசரமே படமாட்டேன். சத்தியமா."

"இன்னைக்கு மத்தியானம் வந்துட்டு, இன்னைக்கே சாயந்தரம் பஸ்ஸா?" மனைவி சிரித்தார். சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இவ தினமும் என் பக்கத்துல உட்காருறா. ஒண்ணும் பேசுறதில்ல. ஒரு விரலைப் பிடிச்சா, அது தானா விரியுற வரைக்கும் பிடிச்சுக்கிட்டு இருப்பா. அப்ப எல்லாம் நான் உங்களைத்தான் நினைச்சேன். பின்னறையில நீங்க இருப்பீங்க, முன்னறையில நான் கையை மடியில வச்சுக்கிட்டு இருப்பேன். நீங்க எனக்காகத்தான் அதைச் செஞ்சீங்க, எனக்குத் தெரியாதா? ஆனா எனக்குப் பிடி வேண்டாம்ங்க. நீங்க வந்து உட்கார்ந்திருந்தா போதும்னு இருந்துச்சு."

"இதை அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"சொன்னேனே. தினமும் கூப்பிட்டேனே."

'தோ வந்துட்டேன்' என்று எத்தனை தடவை பின்னறையிலிருந்து கத்தியிருப்பார்!

"நான் இங்கயே கொஞ்ச நாள் இருக்கேன்" என்றார் மனைவி. "கை நல்லா விரியட்டும். இங்க யாரும் அவசரப்படுறதில்ல."

மகள் இரவு தங்கிவிட்டுப் போகச் சொன்னாள். தங்கியிருக்கலாம். தங்கியிருக்கத்தான் வேண்டும், அதுகூட அவருக்குத் தெரிந்தது. ஆனால் அந்தப் பந்து இல்லாமல் அந்த அம்மாள் முன்னால் உட்கார முகமில்லை. "போய் அதை எடுத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். "மெதுவா வாங்க, ஒண்ணும் அவசரமில்ல" என்று மனைவி சொன்னது படியிறங்கும்போது முதுகுக்குப் பின்னால் கேட்டது.

பஸ் நிறைந்துவிட்டது. ஜன்னல் ஓரத்தில் லிஃப்ட்காரர் உட்கார்ந்திருந்தார். பக்கத்து இருக்கை காலி. கையில் அந்தப் பிடி. மூடிய விரல்களின் பள்ளத்தில் தன் விரல்களை வைத்துப் பார்த்தார். அவருடைய விரல்கள் தடிமன், அதுவும் பொருந்தவில்லை. மோதிரத் தழும்பின் மேல் மட்டும் கட்டைவிரல் போய் நின்றது. கல்லைப் போல இறுகியிருந்தது, நன்றாக இறுகியிருந்தது.

ஊர் எல்லை தாண்டிப் பஸ் வேகம் பிடித்த பிறகு, நின்றுகொண்டே வந்த ஒருவர் குனிந்து கேட்டார்.

"இங்க யாராவது வர்றாங்களா சார்?"

"ஆள் வருது" என்றார் லிஃப்ட்காரர்.

ஓடுகிற பஸ்ஸில் எந்த ஆள் வரும் என்று நின்றிருந்தவர் ஒரு கணம் பார்த்தார். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த இருக்கை கடைசிவரை காலியாகவே வந்தது.